எங்கள் வீட்டுக்கு விழுந்த இன்டு

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீடு ஃபெயிலாகிவிட்டது. அதைப் பாஸாக்கியவள் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடியில் போலியோ சொட்டு மருந்து முகாம். அம்மா கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு கருவடிக்குப்பத்தில் பெரியம்மா வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். எனக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருந்ததால் அப்பாவோடு விட்டுவிட்டாள். மறுநாள் காலை, அப்பா கடலுக்குப் போன பிறகு, நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில், மருந்து குடிக்காத குழந்தைகளைத் தேடி நர்சம்மா வீடு வீடாக வந்தார். தோளில் நீல நிற ஐஸ் பெட்டி. தம்பி ஊரில் இல்லை என்றேன். உடனே சாக்பீஸை எடுத்து எங்கள் கதவில் பெரிதாக ஒரு இன்டு போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. இன்டு என்றால் தப்பு. என் கணக்கு நோட்டு முழுக்க அதுதான், அதனால் அது எனக்குப் பழக்கம். ஆனால் வீட்டுக்கே போடுவார்கள் என்று யார் கண்டார்கள்? எதிர்வீட்டுக் கதவில் இங்கிலீஷ் பி. அந்த வீட்டுப் பெண் என் வகுப்புதான்.

"பி-ன்னா பாஸு. எங்க ஊடு பாஸு, உங்க ஊடு ஃபெயிலு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

அவள் உள்ளே போனதும் பாவாடை நுனியால் இன்டுவை அழித்தேன். பையிலிருந்த சாக்பீஸ் துண்டால் ஒரு பி எழுதினேன். அப்பாடா என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நர்சம்மா மறுபடி வந்தார். அன்றுதான் கடைசி நாள். அம்மா திரும்பி வந்திருந்தாள். தம்பி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். எத்தனையோ தெருக்களில் ஏறி இறங்கிய நர்சம்மாவுக்கு வீடு நினைவில்லை. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டைக் கடந்து தெருக்கோடிவரை போய்த் திரும்பினார்.

"இந்தத் தெருவுல ஒரு கொழந்த பாக்கி இருந்துச்சே" என்று முணுமுணுத்தார். கதவில் சாய்ந்து நின்ற நான் வாயே திறக்கவில்லை. அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்போது தம்பி வீல் என்று அழுதான்.

நர்சம்மா திரும்பி வந்து என்னை மெல்ல நகர்த்திவிட்டுக் கதவைப் பார்த்தார். நான் எழுதிய பி வயிற்றை இடப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். திட்டவே இல்லை, புண்ணியவதி.

அம்மாதான் சலித்துக்கொண்டாள். "போன வாட்டிதான போட்டீங்க நர்சம்மா. ஒரு வாட்டி வுட்டா என்னா ஆயிடும்?"

"ஊர்ல அத்தினி கதவையும் சாத்திட்டு ஒண்ண மட்டும் தொறந்து வுட்டா நோயி உள்ள வராதாம்மா?" என்றார் அவர்.

தம்பியின் வாயில் இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை. வெளியே வந்து, என் எழுத்தை அழிக்காமல், பக்கத்திலேயே நேராக ஒரு பி எழுதினார். இரண்டு பாஸ்! எதிர்வீட்டுக்காரியிடம் சொல்ல ஓடினேன்.

மறுபடி வர வேண்டிய வீடு எது என்று தெரிவதற்காகத்தான் அவர் அந்த இன்டுவைப் போட்டிருந்தார். அது எனக்குப் புரிய எத்தனையோ வருஷமானது. தம்பி சற்றுப் பிந்தி அழுதிருந்தால் அவர் பஸ் ஏறியிருப்பார். ஊரில் திறந்து கிடந்த ஒரே கதவு எங்களுடையதாக இருந்திருக்கும், அதில் பாஸ் என்று என் கையால் எழுதியிருக்கும்.