சாரின் குளிசைக்கு என் சாட்சி

பழிவாங்க வேண்டும் என்றே புடவை கட்டிக்கொண்டு கிளம்பியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். தெமோதரையிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் நின்றபடியே போனேன். இடம் இருந்தும் உட்கார மனம் வரவில்லை.

பழி எங்கள் சார் மீது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் அக்காவுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, சத்து மாத்திரை என்று அன்டிஒக்சிடன்ட் குளிசை விற்க ஆரம்பித்தார். அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். உடம்புக்குள் கெட்டுப்போன ஒக்சிஜன் உயிரணுக்களை அரிக்கிறது, புற்றுநோய்க்கு அதுவும் காரணம், குளிசை அதை அடக்கிவிடும் என்று விளக்கினார். கரும்பலகை ஒன்றுதான் குறை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது பின்னால் தெரிந்தது. முழுப் பொய் என்றால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

"கரண்ட் வைக்கிற அன்னைக்கு ரெண்டு சேத்துக் குடும்மா. சூடு தணியும். ஆஸ்பத்திரியில மட்டும் மூச்சு விடாத, அவங்களுக்குப் பிடிக்காது" என்றார். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் சொல்வோம்.

பதுளை ஆஸ்பத்திரியில் தாதி ஒவ்வொரு முறையும், வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்பார். அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். "இல்ல மிஸ்" என்று நான் சொல்வேன். அப்படிச் சொன்னதைச் சாரிடமும் சொல்லியிருந்தேன்.

கரண்ட் வைத்து முடிந்தும் கட்டி சுருங்கவில்லை. ஒருநாள் பையிலிருந்து கிளினிக் கொப்பியை இழுத்தபோது, குளிசைப் போத்தலும் கூடவே வந்து டொக்டரின் மேசையில் விழுந்தது. அவர் அதை எடுத்து வாசித்தார். ஏசவில்லை. கதிர் அதே கெட்ட ஒக்சிஜனை உண்டாக்கித்தான் புற்றுநோய் உயிரணுவைக் கொல்கிறது, இவ்வளவு குளிசை போனால் நல்ல உயிரணுவோடு சேர்த்து அதையும் காப்பாற்றிவிடக்கூடும் என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். இதனால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், முன்பே தெரிந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன் என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதுமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி மாதம் அக்காவால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. அவள் முனகியது பக்கத்து லயம் வரைக்கும் கேட்டது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சார் எனக்குப் போன் எடுத்தார். "ஞாயித்துக்கிழமை பண்டாரவளையில நம்ம குளிசைக் கூட்டம் இருக்கு. குளிசை எடுத்ததால அக்கா வேதனையில்லாம போய்ச் சேந்தாங்கன்னு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லும்மா. நாலு பேருக்கு நல்லது."

"சொல்றேங்க சார்" என்றேன். குரலில் அவ்வளவு பணிவு. அன்றிலிருந்து ஞாயிறு வரை, பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. சார் என் தோளைத் தட்டி மைக்கைக் கொடுத்தார். நான் அக்கா எப்படிச் செத்தாள் என்பதை ஒன்று விடாமல் சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன், 'இல்லாமலும் இருக்கலாம்' என்பதை மட்டும் விட்டுவிட்டு. சாரின் முகம் வெளுக்க வெளுக்க எனக்குள் குளிர்ந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், குளிரத்தான் செய்தது.

"இங்க யாராச்சும் கரண்ட் வைக்கிறவங்களுக்கு இதக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன.

"டொக்டர்கிட்ட சொன்னீங்களா?"

மூன்றும் இறங்கின.

சார் எட்டி மைக்கைப் பிடித்தார். "ஆஸ்பத்திரியில 'இல்ல மிஸ்'னு சொன்னது யாரு? நானா, நீயா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. ஊர் முன்னால் அவரைக் குற்றவாளியாக நிறுத்த வந்தவள், அவர் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் இருப்பதை யோசிக்கவே இல்லை. கீழே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் நான் போனால் அவர் தப்பிவிடுவார்.

மைக்கை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கினேன்.

"நாந்தான் சொன்னேன். இவரு சொல்லச் சொன்னாரு, நான் சொன்னேன். எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் நல்லா பாத்துக்குங்க."