பட்டை கூடின செண்ட்

எனக்கு எழுத வராது. ஊரில் அஞ்சாம் கிளாஸோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு மளிகைச் சீட்டு தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை. வாக்கியம் நொண்டும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன். சிலது மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளணும். ஆம்பிளைகள் போடுகிற செண்டை இந்த வயசில் நான் போட்டுக்கொண்ட கதை இது. வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பிரியாணிப் பண்டாரி. தாராவியிலும் செம்பூரிலும் நம்ம ஆட்கள் வீட்டுக் கல்யாணம், விருந்து என்றால் இவுகதான் தேக்சாவை, அந்தப் பெரிய பிரியாணிச் சட்டியை, அடுப்பில் ஏற்றணும். அரிசியைத் தம்மில் போட்டு, மூடியின் ஓரத்தை மாவால் அடைத்து, மேலே நெருப்பை அள்ளிப் போட்ட பிறகு திறந்து பார்க்கக் கூடாது. வாசத்தை வைத்துத்தான் இறக்கணும். இவுக பக்கத்தில் நாற்காலி போட்டு யாரோடாவது ஊர்க்கதை பேசிக்கொண்டு இருப்பாக. திடீரென்று பேச்சை நிறுத்தி, "எடுங்கலே நெருப்பை" என்பாக. நேரம் தப்பினதே இல்லை.

எல்லாக் கடையும் பூட்டிக் கிடந்த சமயத்தில் வந்ததே ஒரு காய்ச்சல், அது இவுகளுக்கும் வந்தது. உடம்பு தேறிவிட்டது. மூக்கு தேறவில்லை. அது தெரியாமல், திரும்ப விசேஷங்கள் தொடங்கியதும் ஒரு விருந்துக்குப் போனாக. தேக்சா அடி பிடித்துத் தெருமுனை வரைக்கும் தீய்ந்த வாடை. ஆட்கள் ஓடி வருகிறார்கள், இவுக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாகளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தேக்சாவைக் கவிழ்த்து வைத்தவர்தான். அதற்குப் பிறகு எந்த ஆர்டரும் எடுக்கவில்லை.

டாக்டர் கிராம்பு, எலுமிச்சம்பழம் இப்படி நாலு சாமானை டப்பாவில் போட்டுத் தினமும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். சிலருக்கு நாள் பிடிக்கும், விடாமல் செய்யணும் என்றார். கொஞ்ச நாள் செய்தாக. பிறகு, "வெறும் டப்பாவை எத்தனை நாளைக்கு மோந்துக்கிட்டு இருக்க" என்று டப்பாக்களைத் தள்ளிவிட்டாக. நான் ஞாபகப்படுத்தினால் கோபம் வரும்.

அப்புறம் ஒரு நோன்புப் பெருநாளைக்கு நெருளில் இருந்து மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகனுக்கு மாலில் செண்ட் விற்கிற வேலை. எங்கள் வழக்கப்படி அவர் முன்னால் நான் வந்து நிற்பதில்லை. ஒற்றை அறைக் கோலி வீட்டில் எங்கே போய் ஒளிய? அடுப்படிக்கு ஒரு திரை உண்டு, அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"மாமா, இது டிசைனர் செண்ட். ஆம்பிளைங்க போடுறது. ரொம்ப வார்ம், ஸ்பைசி."

"அப்படின்னா?"

"கரம் மசாலா மாதிரி மாமா. பட்டை, ஏலம், மிளகு எல்லாம் உண்டு."

"காலமெல்லாம் அந்த வாசத்தைத்தான் தேச்சுத் தேச்சுக் குளிச்சேன். இப்ப அதையே காசு குடுத்துப் பூசணுமாக்கும்."

மகள் சிரித்துவிட்டாள். மருமகன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இதுல ஸ்பிரிட்டு வேற இருக்கும். பள்ளிவாசலுக்குப் போட்டுட்டுப் போக மனசு வராது. எனக்கு அத்தர் போதும்" என்றாக இவுக. பிறகு, "அத்தரே தெரிய மாட்டேங்கு, மருமகனே" என்றாக. சத்தம் இறங்கிப் போயிருந்தது.

பாட்டில் அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது. நாலைந்து நாள் கழித்துத் தூசி தட்டும்போதுதான் யோசனை வந்தது. டப்பாவை முகரச் சொன்னால்தானே கோபம்? நான் பூசிக்கொண்டு டீ கொடுக்கப் போனால் வாசம் தானாகப் பக்கத்தில் போகும். அதை யாரும் முகரச் சொல்லவில்லையே. வீட்டுக்குள், புருஷனுக்குப் பக்கத்தில் போடுவதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எனக்கு அத்தர் போடத்தான் தெரியும். அதனால் செண்டைப் பஞ்சில் அடித்து, காது மடலில் செருகிக்கொண்டேன். மணிக்கட்டில் விட்டு இரண்டு கையையும் சேர்த்து நன்றாகத் தேய்த்தேன். மிளகு மூக்கில் ஏறித் தும்மல் நிற்கவில்லை. தலைக்குள்ளே யாரோ இஞ்சி தட்டுகிற மாதிரி இருந்தது. தேய்க்கவே கூடாதாம், சும்மா அடித்துவிட்டு விட்டுவிடணுமாம். மகளிடம் போனில் சாடையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு பழைய துப்பட்டாவில் அடித்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டேன். காலைத் தொழுகை முடிந்ததும் போடுவேன். மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவுவேன். அந்த மழைக்காலம் முழுக்க இப்படித்தான். அதனால் அந்த செண்டின் குணம் எனக்கு அத்துப்படி. முதலில் மிளகும் எலுமிச்சந்தோலும் முட்டிக்கொண்டு வரும். அந்த நேரம் எனக்குப் பிடிக்காது, சண்டைக்கு வருகிற ஆள் மாதிரி இருக்கும். சோறு பொங்குகிற நேரத்துக்கு அது அடங்கி, பட்டையும் ஏலமும் வரும். மதியத்துக்கு மேல் ஆணியில் கிடக்கிற துணியை முகர்ந்தால் வெல்லப்பாகும் புதுத் தோல்பையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். எங்கள் தெருவில் பை தைக்கிற கடைகள் உண்டு, அந்த வாசம் எனக்குத் தெரியும். அப்போதுதான் நல்ல செண்ட் என்று தோன்றும். இரண்டு தடவை அமுக்கினால் போதும், மூன்றாவது தடவை தலைவலி. மழை ஈரத்தில் வாசம் கனமாக வீட்டுக்குள்ளேயே நிற்கும். துவைத்தாலும் லேசில் போகாது.

பக்கத்து வீட்டு மைனிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நானும் அவளும் ஒருத்தியை ஒருத்தி மைனி என்றுதான் கூப்பிடுவோம். மழை முடிந்ததும் அவள் மகளுக்கு நிக்காஹ், செம்பூரில் ஹால் பேசியிருந்தார்கள். இவுகதான் சமைக்கணும் என்று அவளுக்குப் பிடிவாதம். கேட்க வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"மைனி, வீட்டுல விருந்தாளியா?"

"இல்லையே."

"ஆம்பிளை செண்டு அடிக்கி. ஆபீஸ் போற ஆம்பிளை."

"பாட்டில் கவுந்துட்டு."

மறுநாளும் வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்கும் கவுந்துட்டாக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்தேன். அவள் சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் வருவாகளா மாட்டாகளா, ஒரு வார்த்தை சொல்லுங்க மைனி. இல்லன்னா வேற ஆளுக்குச் சொல்லணும். எனக்கு மனசே இல்ல."

"கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? மூக்கு தேறாமல் கேட்டால் அந்தத் தீய்ந்த தேக்சாவை ஞாபகப்படுத்தின மாதிரி ஆகும்.

தினமும் பக்கத்தில் போய் நிற்பேன். டீயை வாங்கிக்கொண்டு டிவியைப் பார்ப்பாக. சில நாள் வேண்டுமென்றே துப்பட்டாவை உதறுவேன். "ஏன் காத்து வீசுத?" என்பாக. அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியத்துக்கு முன்னால், மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவுக கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தாக.

"ஏளா, பட்டையை யாரு இம்புட்டு அள்ளிப் போட்டது?"

"எதுல?"

"உலையில என்ன கிடக்கு?"

"வெறுஞ்சோறு."

நம்பவில்லை. எழுந்து வந்து தானே மூடியைத் திறந்து குனிந்தாக. ஆவி முகத்தில் அடித்தது. உதட்டைப் பிதுக்கினாக. நிமிரும்போது முகம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. அப்படியே நின்றாக.

"உங்கிட்ட இருந்தால்ல வருது."

"மருமகன் குடுத்த செண்டு" என்றேன். கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஏன் என்று கேட்கவில்லை. துப்பட்டாவை என் தோளில் இருந்து உருவி முகத்தில் வைத்துக்கொண்டாக. ரொம்ப நேரம். அழுகிறாகளோ என்று பயந்து பார்த்தேன். இல்லை. தம் போட்ட தேக்சா பக்கத்தில் உட்கார்ந்தால் நெற்றி எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கியிருந்தது.

"பட்டை கூடிப்போச்சு" என்றாக. "ஏலத்தைக் காணவே காணோம். இதைச் செஞ்சவன் பண்டாரி இல்ல."

"ஏலம் இருக்கு. நல்லாவே இருக்கு."

"அப்ப எனக்குத்தான் இன்னும் தெரியல" என்றாக. கோபமில்லாமல், மசாலா டப்பாவில் எது தீர்ந்தது என்று பார்க்கிற ஆள் மாதிரி. "மிளகு?"

"அது காலையிலயே போயிரும்."

"நாளைக்குக் காலையில போட்டதும் எங்கிட்ட வா."

மறுநாளில் இருந்து ஒளிவு மறைவு இல்லை. அலமாரிக்குப் பின்னால் கிடந்த கிராம்பு டப்பாவும் வெளியே வந்தது. மிளகு முதலில் வந்தது. அது வாசமா எரிச்சலா என்று இவுகளுக்கே சந்தேகம். ஏலம் தாமதித்து வந்தது. சில நாள் வந்த வாசம் திரும்பப் போய்விடும், அன்றைக்கு டப்பாவைத் தொடமாட்டாக. அடுத்த நாள் திரும்ப வரும். மைனி வந்தபோது நான் வாயைத் திறக்கும் முன்னால் இவுகளே சொன்னாக: "நான் பண்ணுதேன்மா. ஆனா தம் இறக்கையில உங்க மைனி பக்கத்துல நிக்கணும். என் மூக்கு பாதி, அவ மூக்கு பாதி."

ஆம்பிளைகள் சமைக்கிற இடத்தில் நான் எப்படி நிற்பேன் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் ஹாலுக்குப் பின்னால் ஒரு படுதா கட்டிக்கொடுத்தார்கள். அதன் ஓரத்தில் நின்றேன். வாசத்தைக் குழப்பிவிடக் கூடாதென்று அன்றைக்குச் செண்ட் போடவில்லை. மைனி பட்டுச்சேலையோடு அந்தப் பக்கம் வந்தவள், "இன்னைக்குப் பாட்டில் கவுழலையா?" என்று காதில் கேட்டுவிட்டுப் போனாள்.

இவுக நாற்காலியில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தாக. எனக்கு அரிசி வெந்த வாசம், நெய் வாசம் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்கணும் என்று நினைத்தேன். பிறகு தம் இறக்கணும் என்கிற அந்த வாசம் வந்தது. சொல்லணும் என்று படுதாவை விலக்கினேன். அதற்குள் இவுக பேச்சு பாதியில் நின்றது.

"எடுங்கலே நெருப்பை."

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பிப் பார்த்தாக. சரிதான் என்று தலையை ஆட்டினேன்.

இதில் பிழை இருக்கும். பாட்டிலில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. நான் ஏலம் என்றது ஏலம்தானா, வெல்லப்பாகு என்றது வேறு ஏதாவதா என்று மருமகன் பார்த்துத் திருத்தட்டும். ஸ்பிரிட் உள்ள செண்டைத் தொழுகைக்குப் போடலாமா கூடாதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது. மிளகு முதலில் வந்ததா, கிராம்பு முதலில் வந்ததா என்று மட்டும் இவுகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.