வார்னிஷ் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கை

“…அதுக்கு மூணு செகண்டுன்னா எனக்கும் மூணு செகண்டுங்களா? கிளவுசை மாட்டறதுக்குள்ள காலு போயிருக்குமுங்க.”

மயிலாத்தா இதைச் சொன்னது சிவகுமார் என்கிற காலேஜ் லெக்சரரிடம். ரெண்டு பேருக்கும் நடுவில், தரையில் ஒரு மோட்டார் ஸ்டேட்டர் கிடந்தது. பத்து கிலோ இரும்பு, உள்ளே செப்புக் கம்பி, மேலெல்லாம் ஈர வார்னிஷ். அதற்கும் மயிலாத்தாவின் கட்டைவிரலுக்கும் நாலு விரற்கடை தூரம்தான். நீட்டிய மூணாவது செகண்டில் பிடியை விட்டு அதைக் கீழே போட்ட இரும்புக் கையோ ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த ஸ்டேட்டரை எடுக்கத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அமத்தியது நான்.

அதுதான் எங்கள் பம்ப் கம்பெனிக்கு ரோபோ வந்த முதல் நாள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

நான் அங்கே எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். காரமடையிலிருந்து கோயமுத்தூர் கணபதிக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போவேன். படிப்பு எட்டாம் வகுப்பு. மீதியை எல்லாம் எரிந்துபோன மோட்டார்கள்தான் சொல்லிக்கொடுத்தன. அதனால் படித்தவர்கள் செய்த மெஷினைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமும் நிறையச் சிரிப்பும் வரும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

யாருக்கு என்ன

டெல்லியில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற ஒரு துறை இருந்தது. காலேஜ் தனியாகக் கேட்டால் கொடுக்காது. கம்பெனி தனியாகக் கேட்டாலும் கொடுக்காது. ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டால் கொடுக்கும். கல்யாணச் சத்திரத்துக்கு மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் சேர்ந்து வந்தால்தான் பந்தி என்கிற மாதிரி.

எங்கள் முதலாளி பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். கிணற்று மோட்டார் அடிக்கடி எரிகிற கோபத்தில் தானே மோட்டார் செய்யக் கிளம்பி, கம்பெனியே வைத்துவிட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்துவிட்டுச் சொன்னார்: “காலேஜுக்குப் பேரு. டெல்லிக்கு ரிப்போர்ட்டு. நம்மளுக்கு மெஷினு. ஆருக்கும் நட்டமில்லீங்க.”

மயிலாத்தாவுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த மெஷின் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தேவைப்பட்டது.

கம்பி சுற்றி முடித்த ஸ்டேட்டரை வார்னிஷ் தொட்டியில் முக்கி, வடியவிட்டு, ஓவனில் வேக வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்தத் தொட்டியின் மேல் குனிந்து நின்றவள் மயிலாத்தா. இருமல் அவளோடு கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் வார்னிஷ் வாசமே கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு செக்‌ஷனில் ஆள் எடுக்கவில்லை. இரும்புக் கை தொட்டியில் முக்கி எடுத்துக் கொடுத்தால், அவள் பத்தடி தள்ளி எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் நின்று, வாங்கி, ஒயர் முனைகளைச் சரிபார்த்து, ஓவன் டிராலியில் வைத்தால் போதும்.

ஸ்டேட்டர் விழுந்த அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: “எனக்கு அது வேணுமுங்கண்ணா. என்னைய நொண்டியாக்காம வேணும். அவ்வளவுதான்.”

பல்பு, சங்கு, வேலி

மெஷினைச் செய்த சிவகுமார் நல்ல மனுசர். தப்பு செய்தால் காது சிவந்துபோகும், அப்போது முகம் பார்க்கவே பாவமாக இருக்கும். அடுத்த வாரம் ஒரு பச்சை பல்பு மாட்டினார். பல்பு எரிந்தால் கை விடப்போகிறது என்று அர்த்தம்.

“சாருங்க, நா பல்பைப் பாக்கறதா, ஸ்டேட்டரைப் பாக்கறதா?” என்றாள் மயிலாத்தா.

பல்பைக் கழற்றிவிட்டு பஸ்ஸர் வைத்தார். பக்கத்துப் பகுதியில் தகடு வெட்டுகிற ஸ்டாம்பிங் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பஸ்ஸர் அடிப்பதும் கொசு பாடுவதும் ஒன்று. பிறகு மூணு செகண்டை எட்டு செகண்டாக்கினார். எட்டு செகண்ட் பத்து கிலோவுக்குக் கீழே கையேந்தி நின்று பாருங்கள், தெரியும்.

முதலாளி வந்து பார்த்துவிட்டு, “கம்பி வேலி போட்டுப்போடலாமுங்க. தோட்டத்துல போடறதில்லையா?” என்றார்.

சிவகுமாரின் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஃபைலைத் திறந்து காட்டினார். இங்கிலீஷில் முப்பது பக்கம். அதில் ஒரு வரியை எனக்குத் தமிழில் சொன்னார்: மனிதனும் ரோபோவும் வேலியில்லாமல் அருகருகே வேலை செய்வார்கள். அந்த வரிக்குத்தான் டெல்லி பணம் கொடுத்திருந்தது.

“வேலி போட்டா புராஜெக்டே இல்லைங்க. அடுத்த மாசம் ரெவ்யூவுக்கு ஆள் வர்றாங்க. அவங்க சரியில்லைன்னு எழுதிட்டா, மெஷினைக் கழட்டி காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிரணும்.”

“அப்ப மயிலாத்தா?”

அவர் தொட்டியைப் பார்த்தார்.

“உடுங்க”

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை. கனமான எதையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது, வாங்குகிறவர் “உடுங்க” என்று சொல்லாமல் கொடுக்கிறவர் விடக்கூடாது. முதலாளியே கொடுத்தாலும் அப்படித்தான்.

நான் சிவகுமாரிடம் சொன்னேன்: “சார், இதுக்கு அந்த மருவாதி தெரியலீங்க. அதான் கோளாறு.”

“காது வெச்சு ‘உடுங்க’ன்னு கேக்க வெக்கறதுக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும் ரங்கண்ணா.”

அப்போது மயிலாத்தா ஒரு கேள்வி கேட்டாள். “பிரஸ்ஸு ஓடறப்ப நா ‘உடுங்க’ன்னு சொல்றது உங்களுக்குக் கேக்குதுங்களாண்ணா?”

யோசித்துப் பார்த்தேன். கேட்டதே இல்லை. அவள் வாய் அசையும், நான் விடுவேன். ஆனால் ஸ்டேட்டரைக் கொடுக்கும்போது நான் அவள் வாயைப் பார்ப்பதும் இல்லையே. பின்னே எப்படி விடுகிறேன்?

சிவகுமாரும் உற்சாகமாகிவிட்டார். நானும் மயிலாத்தாவும் ஒரு ஸ்டேட்டரை மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கினோம். அவர் தரையில் குத்தவைத்து எங்கள் கைகளையே பார்த்தார். என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டும் சரியாகத்தான் விட்டேன். இருபது தடவைக்கு அப்புறம் எனக்கே பிடிபட்டது.

“கனம் கொறையுதுங்க சார். அவ ஏந்திக்கிட்டான்னா ஏங்கையில லேசாகுது. லேசானா உட்டுர்றேன்.”

“வாயி சும்மா மருவாதிக்குங்க. கைதான் பேசிக்குது,” என்றாள் மயிலாத்தா.

கனத்தை அளக்கிற சென்சார் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றார் சிவகுமார். வந்து சேர ஆறு மாசம். ரெவ்யூவுக்கு இருந்தது மூணு வாரம். நான் உக்கடம் போனேன். பழைய சாமான் கடை காதர் பாய் எனக்கு வெகுநாள் பழக்கம். பத்து கிலோவுக்கு அமுங்கி, கனம் போனால் நிமிர்கிற ஸ்பிரிங் ஒன்று வேண்டும் என்றேன். மொபெட் ஷாக் அப்சார்பரிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். காலேஜ் ஆபீசுக்கு மூணு கடை விலைக் கொட்டேஷன் வேணும் பாய் என்றதும் மூணு விரலை ஒவ்வொன்றாக மடக்கினார்.

“ஏங்கடை, ஏந்தம்பி கடை, ஏ மச்சான் கடை. மூணுலயும் வெலை சொல்றது நாந்தானுங்களே. அதையுமா டெல்லிக்கு எழுதோணும்?”

எழுதவில்லை. அந்த ஸ்பிரிங் கணக்கிலேயே ஏறவில்லை. லட்சக்கணக்கில் பணம் வந்த புராஜெக்டில் உருப்படியான சாமான் அது ஒன்றுதான் என்று நான் சொன்னால் சிவகுமார் கோபித்துக்கொள்வார்.

கையின் மணிக்கட்டில் ஸ்பிரிங், அதன் பக்கத்தில் பழைய லேத்திலிருந்து கழற்றிய லிமிட் ஸ்விட்ச். ஸ்டேட்டரை யாராவது தூக்கிப் பிடித்தால் ஸ்பிரிங் நிமிரும், ஸ்விட்ச் தட்டும், காற்றில் இயங்குகிற பிடி புஸ் என்று திறக்கும். முதல் தடவை மானத்தை வாங்கிவிட்டது. கை சட்டென்று நின்ற குலுக்கலில் ஸ்பிரிங் தானாகவே ஒரு துள்ளு துள்ள, ஸ்டேட்டர் மறுபடி தரையில். நல்லவேளை, கீழே யாரும் இல்லை. அரை செகண்டாவது தொடர்ந்து லேசாக இருந்தால்தான் விட வேண்டும் என்று சிவகுமார் புரோகிராமை மாற்றினார். அது அவருடைய படிப்பு. அந்த இடத்தில் என் எட்டாம் வகுப்பு உதவியிருக்காது.

மயிலாத்தா சுலபத்தில் நம்பவில்லை. “மொத நூறு வாட்டி உங்க காலு. அப்பறம் ஏங்காலு.”

நூறு தடவை நான் வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவள் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். நாற்பதைத் தாண்டியபோது, “அண்ணா, ஒண்ணு உட்டுப்போச்சு, மறுபடி வாங்குங்க” என்றாள். விட்டுப்போகவே இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கினேன்.

நூற்றொன்றாவதை அவள் வாங்கினாள். கை விட்டதும் ஸ்டேட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “ஆளு பழகிக்கிச்சுங்க” என்றாள்.

டெல்லி வந்த நாள்

ரெவ்யூவுக்கு ஒரு அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, முழுக்கை. தமிழ் தெரியாது. இங்கிலீஷில் நிறையக் கேட்டார், சிவகுமார் காது சிவக்கச் சிவக்கப் பதில் சொன்னார். மயிலாத்தா ஆறு ஸ்டேட்டர் வாங்கி வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. அதிகாரிக்குத்தான் ஆசை வந்துவிட்டது. நானும் ஒன்று வாங்கிப் பார்க்கிறேன் என்றார்.

கிளவுஸ் மாட்டிக்கொண்டு போய் ஸ்டேட்டரின் பக்கவாட்டில் ரெண்டு உள்ளங்கையையும் வைத்தார். நின்றார். கை விடவில்லை. இன்னும் நின்றார். விடவில்லை. லேசாகக் கீழே இழுத்தும் பார்த்தார். இழுத்தால் கனம் கூடும், எப்படி விடும்? திரும்பி சிவகுமாரிடம், “ஜாம் ஆகிவிட்டதே” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை ரிப்போர்ட்டில் ஏறினால் மெஷின் லாரியில், மயிலாத்தா தொட்டியில்.

மயிலாத்தாதான் முன்னால் வந்தாள். “சும்மா தொட்டுக்கிட்டு நின்னா ஆரு உடுவாங்க? வாங்கறதுன்னா ஏந்தி வாங்கோணுமுங்க. ஏந்தாத கையில நானும் உடமாட்டேன்.”

அதிகாரி சிவகுமாரைப் பார்த்தார். சிவகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேல்நோக்கி விசை கொடுக்கும்படி ஆபரேட்டர் கேட்டுக்கொள்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னார்.

இதோடு கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவர் நல்ல ரிப்போர்ட் எழுதினார். மெஷின் நின்றது. மயிலாத்தா அதற்கப்புறம் தொட்டி மேல் குனியவில்லை. இருமல் முழுக்கப் போகவில்லை, பாதி போனது. நான் கற்றுக்கொண்டதும் ஒன்றுதான். மெஷினையும் மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதாக இருந்தால், பக்கத்தில் நிற்கப்போகிற ஆளிடம் முதலில் கேளுங்கள். முப்பது பக்கத்தில் இல்லாதது அந்த ஆளின் கையில் இருக்கும். ஆனால் சிவகுமார் அப்படி இங்கிலீஷில் சொன்னதற்கப்புறம் நடந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அதிகாரி குனிந்து, ரெண்டு கையாலும் ஏந்தினார். அரை செகண்ட். புஸ். ஸ்டேட்டர் அவர் கையில். சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். வார்னிஷ் அவர் சட்டையில் வழிந்தது. பத்து கிலோவை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மயிலாத்தா வாங்கிக்கொள்ளப் போனாள். ஒரு கையை அடியில் கொடுத்திருப்பாள், இன்னொரு கை இன்னும் போய்ச் சேரவில்லை. வாங்க ஆள் வந்துவிட்ட நிம்மதியில் அவர் விட்டுவிட்டார்.

தரை அதிர்ந்தது. மயிலாத்தா காலை இழுத்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி மூணு தடவை சாரி சொன்னார். முதலாளி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

மயிலாத்தா கீழே கிடந்ததைப் பார்த்தாள், அவர் கைகளைப் பார்த்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு போய், மெஷின் முன்னால் நின்று, அடுத்த ஸ்டேட்டருக்கு ரெண்டு கையையும் நீட்டினாள்.