ஒரு காதுக்கான ஹெட்போன்

அந்த ஹெட்போனில் ஒரு காதுக்கு மட்டுமே கிண்ணம் இருந்தது. மறுமுனையில், தலையில் அழுந்தி நிற்பதற்கென்று ஒரு சிறிய ரப்பர் கட்டை. கிண்ணத்தின் பஞ்சு நெடுநாள் முன்பே உதிர்ந்துவிட்டதால், அரக்கு நிற ரவிக்கைத் துணியில் ஓர் உறை தைத்து மாட்டியிருந்தார் அதை அணிந்தவர். இடக் காது தொலைபேசிக்கு. வலக் காது அறைக்கு. பெரம்பலூருக்கு இணைப்புக் கொடுத்தபடியே எதிரில் நிற்பவரிடம், "உக்காருங்க சார், லைன் பிஸி" என்பார். அதே மூச்சில் ஜன்னலுக்கு வெளியே லாரி நிறுத்துபவனை, "யோவ், வண்டிய எடுய்யா, மேனேஜர் கார் வருது" என்று அதட்டுவார். அரியலூருக்கு வெளியே இருந்த ஒரு சிமெண்ட் ஆலையின் அலுவலகத்தில், விளக்குகள் மின்னும் இணைப்புப் பலகைக்கு முன் அமரும் தொலைபேசி ஆபரேட்டர் அவர். எல்லோருக்கும் போர்டம்மா.

நான் அந்த ஆலைக்குப் பயிற்சியாளனாகப் போனேன் என்பதைவிடப் பேச்சாளனாகப் போனேன் என்பதே பொருந்தும். கல்லூரிப் பட்டிமன்றங்களில் எந்த அணியில் நிறுத்தினாலும் வென்று வருபவன் என்ற பெயர் எனக்கு இருந்தது; அந்தப் பெயரை அடக்கத்தோடு சுமந்தேன் என்று சொல்ல மாட்டேன். அலுவலகங்களுக்கான மென்பொருள் விற்ற ஒரு நிறுவனம், கணிப்பொறி தெரிந்தவர்கள் பலர் கிடைத்தும் தமிழில் தடையின்றிப் பேசத் தெரிந்தவர் கிடைக்காமல், என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அரியலூர் ஆலையும் பெரம்பலூர் விற்பனைக் கிளையும் இனித் தொலைபேசியில் கத்திக்கொள்ளாமல் ஒரே திரையில் வேலை பார்க்க வேண்டும் என்பது மேலிடத்தின் விருப்பம். மென்பொருளில் அவரவர்க்கு ஒரு மெயில் பெட்டி, எல்லோருக்குமாக ஓர் ஆர்டர் பக்கம். பெரம்பலூர் அதில் ஓர் ஆர்டரைப் பதிந்தால் அந்த நொடியே அரியலூரில் தெரியும். திறக்கப்படாத ஆர்டர் தடித்த எழுத்தில் நிற்கும். உரியவர் திறந்ததும் மெலிந்துவிடும்.

பயிற்சி, ஆலைக் கேன்டீனுக்கு மேலிருந்த மண்டபத்தில் நடந்தது. அங்கே மைக் இருந்தது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. தொலைவை வென்றது யார், காலத்தைக் காப்பது எது என்று கேள்விகளை அடுக்கி, விடையாக ஒவ்வொரு முறையும் திரையைச் சுட்டினேன். குன்னத்துக்காரரான டெஸ்பாட்ச் கண்காணிப்பாளர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். ஆலையிலிருந்து எந்த லோடு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர். பக்கத்திலிருந்தவரிடம் அவர், "நல்லாத்தான்யா பேசுது புள்ள. எந்தக் கட்சின்னுதான் தெரியல" என்றது மைக்கையும் மீறி எனக்குக் கேட்டது. போர்டம்மா கடைசி வரிசையில், கதவருகே, கீழே மணி அடித்தால் ஓடுவதற்கு வாகாக அமர்ந்திருப்பார். வாசலுக்கு வரும் பார்வையாளர் விவரம் பார்க்க அவர் மேசைக்கும் ஒரு கணிப்பொறி வந்திருந்தது.

அவர் அந்த வகுப்பில் எதை இழக்க அமர்ந்திருந்தார் என்பதை நிர்வாக அலுவலர் எனக்குத் தேநீர் வேளையில் சொன்னார். மூன்று மாதம் பார்ப்பார்கள். தொலைபேசி அழைப்புகள் நன்றாகக் குறைந்துவிட்டால் இங்கே ஆபரேட்டர் தேவையில்லை. "வேலைய விட்டெல்லாம் எடுக்க மாட்டோம் சார். தெற்க நம்ம இன்னொரு பிளான்ட்டு போர்டுக்கு மாத்திடுவோம்." போர்டம்மாவின் கணவர் தா.பழூரில் நெல் பயிரிடுபவர். மகள் அங்கே பத்தாம் வகுப்பு. தெற்கே போவதென்றால் குடும்பம் இரண்டாகப் பிரிவதைத் தவிர வேறு வழியில்லை. அன்று எனக்கு அது ஒரு தகவல். மாற்றம் என்று ஒன்று வந்தால் சில நாற்காலிகள் நகரத்தானே வேண்டும் என்று, மேடையில் சொல்வதுபோலவே, அலுவலரிடமும் சொன்னேன்.

ஆனால் முதல் மாதத்தில் அழைப்புகள் கூடின. பெரம்பலூரில் ஒருவர் மெயில் அனுப்புவார், அனுப்பிய கையோடு போனை எடுத்து, "மெயில் போட்டிருக்கேன், பார்த்தீங்களா?" என்பார். இங்கிருப்பவர் அதன் பிறகே பெட்டியைத் திறப்பார், பதில் அனுப்புவார், அதைச் சொல்ல இன்னொரு போன். போர்டம்மாவின் பலகையில் விளக்குகள் அணையவே இல்லை. "கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து தண்ணி குடிக்க நேரமில்ல தம்பி" என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்தது குறையன்று.

டெஸ்பாட்ச் கண்காணிப்பாளரிடம் காரணம் கேட்டேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சார், உங்க வூட்டுக் கல்யாணப் பத்திரிகைய தபால்ல போட்டுட்டு சும்மா இருந்தீங்கன்னா எவன் வருவான்? நேர்ல போயி கூப்பிடணும். முடியலயா, ஒரு போனாச்சும் போட்டு வந்துடுங்கன்னு சொல்லணும். வாய்வார்த்தை இல்லாம வெறும் காயிதத்துக்கு நான் எந்திரிச்சுப் போவனா?" சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். அனுப்பியதை வாயாலும் சொல்லாவிட்டால் அது அவமதிப்பு. சொல்லும்வரை திறக்காமல் இருப்பது தன்மானம். இந்த இரண்டு விதிகளும் என் பயிற்சிக் கையேட்டில் இல்லை.

எனக்கு அது சவாலாகத் தோன்றியது. மண்டபத்தில் மீண்டும் எல்லோரையும் கூட்டச் செய்தேன். பெரம்பலூர்க் கிளையினரும் வேன் பிடித்து வந்தார்கள். இன்றும் நான் பேசியவற்றுள் சிறந்த பேச்சாக அதையே கருதுகிறேன். 'ஒரு செய்திக்கு எத்தனை முறை உயிர் கொடுப்பீர்கள்? எழுதும்போது கொடுத்த உயிர் போதாதா? உங்கள் எழுத்தை நீங்களே நம்பாவிட்டால் ஊர் எப்படி நம்பும்?' அனுப்பியபின் அழைப்பதில்லை, அழைக்காமலே திறப்பது என்று எல்லோரையும் கையுயர்த்தச் செய்தேன். கைத்தட்டல் நெடுநேரம் நீடித்தது. கிளைப் பொறுப்பாளரான லப்பைக்குடிக்காட்டுக்காரர் கைகுலுக்கி, "மாஷா அல்லாஹ், என்னா பேச்சு! இனிமே போனத் தொட்டா என்னயக் கேளுங்க" என்றார்.

அடுத்த வாரம் பலகை மௌனமாயிற்று. நான் போர்டம்மாவின் அறையைக் கடந்தபோது அவர் அழைத்தார். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. நான் அதைத் தலையிலன்றி வேறிடத்தில் பார்த்தது அதுவே முதல் முறை.

"உங்க பேச்சுல ஒரு கொறையும் இல்ல தம்பி. கை தட்டுனவங்கள்ல நானும் ஒருத்தி. பஸ்ல போறப்பத்தான் யோசிச்சேன், நாம எதுக்குடா தட்டுனோம்னு."

 நான் தலையசைத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்தேன்.

மூன்று மாதம் முடியும் தறுவாயில், ஒரு மாலை, என் நிறுவனத்துக்குப் பேசுவதற்காக அவர் அறையில் காத்திருந்தேன். அவர் தம் கணிப்பொறித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டர் பக்கம் திறந்திருந்தது. பெரம்பலூர் மதியமே பதிந்த ஓர் ஆர்டர் தடித்த எழுத்தில் நின்றது: செட்டிகுளத்துக்கு ஒரு லோடு, விடிவதற்குள் சேர வேண்டும், வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள். சத்தியம் செய்தபடி பெரம்பலூர் போன் செய்யவில்லை.

"இது இன்னும் மெலியலையே தம்பி."

"கண்காணிப்பாளர் பார்த்துவிடுவார், அம்மா."

"அவரு பேக்கிங்ல நிக்கிறாரு. மெஷின் மக்கர் பண்ணுது. அங்க ஏது கம்ப்யூட்டரு? இன்னுங் கொஞ்ச நேரத்துல லோடிங் முடிஞ்சு ஆளுங்க போயிடுவாங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். "நான் சும்மா இருந்தேன்னு வைங்க. காலைல அந்த ஊர்ல கொத்தனாரு, சித்தாளு அத்தனை பேரும் சிமெண்டு இல்லாம நிப்பாங்க. டீலரு பெரம்பலூர்ல போயி கத்துவாரு. எல்லாரும் மறுபடியும் போனுக்கு வந்துடுவாங்க. இல்லீங்களா?"

ஆமாம் என்பதைத் தவிர அதற்கு வேறு விடை இல்லை. அந்த விடையை நான் சொல்வதற்காக அவர் காத்திருக்கவும் இல்லை. ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்துத் தலையில் பொருத்திக்கொண்டு பேக்கிங் பகுதிக்கு இணைப்பைத் தட்டினார்.

"சார், போர்டு பேசுறேன். செட்டிகுளத்துக்கு ஒரு லோடு கேட்டு கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்க. விடியறதுக்குள்ள சேரணுமாம், தளம் போடுறாங்க... ஆமா சார். இல்ல, பெரம்பலூர்லேர்ந்து போன் வரல. நானாத்தான் சொல்றேன்."

லாரி போயிற்று. தளம் போட்டார்கள். எவரும் கத்தவில்லை. நடந்தது என்னவென்று எவருக்கும் தெரியாததால், மென்பொருள் குற்றமின்றி இயங்குகிறது என்பதே எல்லோரும் கண்ட உண்மையாயிற்று.

நான் நிர்வாக அலுவலரிடம் சென்றேன். மைக் இல்லை, கூட்டம் இல்லை. அந்த மாலையை முழுமையாக விவரித்தேன். திரை பேசாத இடத்தில் பேசியவர் ஒரு மனிதர். அவரை அகற்றிவிட்டால் அடுத்த லோடு நிற்கும் என்று வாதிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது ஒரே ஒரு போனு சார். ஒரு போனுக்கு ஒரு ஆளு வைக்கச் சொல்லி நான் மேல எழுத முடியுமா? போன் கால் பாதிக்குப் பாதி கொறஞ்சிடுச்சு. கொறச்சது யாரு, நீங்கதானே? ஜெயிச்சுட்டீங்க சார், விடுங்க."

மேடையில் பேச்சாளனின் நேரம் முடிந்தால் நடுவர் மணியடிப்பார். அலுவலரும் மேசை மணியை அடித்தார், தேநீருக்காக. என் பேச்சை என்னாலேயே வெல்ல முடியாமற்போனது அந்த அறையில்தான்.

போர்டம்மா மகளை மட்டும் அழைத்துக்கொண்டு தெற்கே போனார். கணவர் நிலத்தோடு இருந்துவிட்டார். விடைபெற்ற நாளில் அவர் எதையும் சொல்லிக்காட்டவில்லை. "போயிட்டு வரேன் தம்பி. அந்தப் பக்கம் வந்தா வாங்க" என்றார். என் மெயில் முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அரக்கு உறையைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டபின், ஹெட்போன் வெற்றுக் கிண்ணத்தோடு பலகைமேல் கிடந்தது.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். இன்னும் பெரிய மென்பொருள்களை இன்னும் பெரிய அலுவலகங்களுக்குக் கற்பிக்கிறேன். செய்தி சேர்ந்ததா என்பதை மென்பொருளே சொல்லிவிடுகிறது. சென்ற மாதம் ஒரு வகுப்பின் நடுவே கைப்பேசி ஒலித்தது. தெரியாத எண்.

"தம்பி, போர்டம்மா பேசுறேன். உங்க பழைய ஆபீசுல கேட்டு நம்பர் வாங்குனேன். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், தா.பழூர்ல. பத்திரிகைய மெயில்ல போட்டிருக்கேன். பார்த்தீங்களா?"

"இன்னும் பார்க்கவில்லை, அம்மா."

"அதான் போன் போட்டேன். நேர்ல வந்துதான் கூப்பிடணும், முடியல. வந்துடுங்க, என்ன?"

வருகிறேன் என்று நான் சொல்வதற்குள், அதே மூச்சில், அறைக்குள் நின்ற வேறு யாரிடமோ அவர் பேசுவது கேட்டது: "உக்காருங்க சார், லைன் பிஸி."