பிரஸ் நின்ற நாள்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் ஷெட்டுக்கும் பக்கத்து ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் கார் பாகங்களுக்குத் தகடு வெட்டும் பவர் பிரஸ். அது இறங்கும்போதெல்லாம் எங்கள் மேஜையில் டீ கிளாஸ் குதிக்கும். இந்தப் பக்கம் நானும் என் கூட்டாளியும் கிராமத்து நர்ஸம்மாக்களுக்காக, வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அந்த வேலைக்கு அப்படி ஓர் இடத்தைப் பிடித்த புத்திசாலிகள் நாங்கள்.

சோதனை நேரத்தில் ஓடிப்போய்க் கையைக் காட்டினால் போதும், பிரஸ்காரர் நிறுத்திவிடுவார். எஸ்டேட்டில் அது வழக்கம். ஒருவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பக்கத்து ஷெட்காரர் அனுசரித்துப் போவார்.

சிறு தொழில்களுக்கு அரசு தரும் ஆராய்ச்சி மானியத்துக்கு மனுப் போட்டிருந்தோம். கருவியை நேரில் பார்க்கக் குழு வருகிறது என்றதும் பிரஸ்காரரிடம் போய் நின்றேன். அன்று அவருக்கு அவசர டெலிவரி என்பது எனக்குத் தெரியும்.

"ஒரு மணி நேரம்தானே சார், நிறுத்திக்கினு குந்திக்கிறேன். நீ நல்லா காட்டு" என்றார்.

காலையில் வருவதாகச் சொன்ன குழு சாயங்காலம்தான் வந்தது. நடுவில் ஒரு நடை போய், 'ஓட்டுங்கள், வந்ததும் சொல்கிறேன்' என்றிருக்கலாம். போகவில்லை. எந்த நிமிஷமும் கார் வந்து நின்றுவிடுமோ என்ற பயம். அவருடைய ஆட்கள் வெளியே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜன்னல் பக்கமே தலைகாட்டவில்லை.

கூட்டாளியின் மனைவி அப்போது ஏழு மாதம். அவர் வயிற்றில் கருவியை வைத்ததும் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. குழுவினர் தலையாட்டினார்கள். எங்களுக்கு மானியத்தின் முதல் தவணை வந்தது, பிரஸ்காரருக்கு அந்த அவசர ஆர்டர் கைவிட்டுப் போனது. ஸ்வீட் பாக்ஸோடு போனேன். அவர் சந்தோஷமாக வாங்கிச் சாப்பிட்டார். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

பிறகு கடம்பத்தூரில், ரயில் பாதையோரத்துத் துணை சுகாதார நிலையத்தில் கருவியைக் கொடுத்துப் பார்த்தோம். ஃபேன் ஓடினாலே இரைந்தது. ரயில் வந்தால் சுத்தமாக ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸம்மா அதை ஓரமாக வைத்துவிட்டுப் துடிப்புக் கேட்கும் பழைய குழலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். குழு அடுத்த தவணையை நிறுத்தியது, மறுபடி பார்த்துவிட்டுத்தான் என்றது. இரைச்சலில் வேலை செய்ய வேண்டிய கருவியை, ஒரு மனிதரின் பிழைப்பை நிறுத்தி, நிசப்தத்தில் காட்டியிருந்தோம்.

விஷயம் தெரிந்து பிரஸ்காரரே வந்தார். "என்னாலதான் சார். அன்னிக்கு நான் ஓட்டிக்கினு இருந்தா உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் டீ சொன்னேன்.

"அடுத்த தபா அவங்க வரும்போது சொல்லு. நிறுத்தவே மாட்டேன்."

"வேற ஆர்டர் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"ஆர்டரு ஏது சார்? தகடு இல்லாமயே அடிக்கிறேன்."