துணியில் இல்லாத இரண்டு தகடுகள்

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் பிழைத்திருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் வெள்ளைத்துணிக்காரர். இந்தப் பெயரை நம்பி, ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று ஒரு அம்மாள் ஒருமுறை பட்டறைக்குள் வந்துவிட்டார். ஏழெட்டு இன்ஜின்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்.

துணி இருப்பது உண்மைதான். இன்ஜினைப் பிரித்துக் கழுவியதும் நீண்ட மேசைமேல் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு, பாகங்களை மாட்டவேண்டிய வரிசையில் அதன்மேல் அடுக்குவார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவார். துணி காலியானால் இன்ஜின் முடிந்தது. ஒரு வாஷர் மிச்சமிருந்தாலும் முடியவில்லை. முப்பது வருடமாக இதே முறைதான். வீட்டில் கட்டிலுக்குப் போட ஒரு நல்ல விரிப்புகூட இல்லை என்று அவர் மனைவி சொல்வதில் மிகை எதுவும் கிடையாது.

அவர் தொடுவது ஒரே வகை இன்ஜின். முதுகு வளைந்த பழைய கார்களின் பின்பக்கத்தில் இருந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் படுத்திருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. விசிறி ஊதும் காற்றுதான் சூட்டைத் தணிக்க வேண்டும். கார் துருப்பிடித்து உதிர்ந்தாலும் இந்த இன்ஜின் லேசில் சாகாது. அதை எடுத்து, முன்னால் மோட்டார் சைக்கிளில் பாதியும் பின்னால் காரில் பாதியுமாக ஒட்டவைத்து, வீட்டுப் பின்கட்டிலேயே மூன்று சக்கர வண்டி கட்டுகிறவர்கள் அந்த வட்டாரத்தில் முப்பது நாற்பது பேர் இருக்கிறார்கள். கட்டி முடித்த மறுநாளே எல்லோருக்கும் ஒரே குறைதான்: இழுவை போதவில்லை, இன்ஜினைப் பெரிதாக்க வேண்டும்.

பெரிதாக்குவது என்றால், இன்ஜின் உடம்பில் துளைகளை அகலமாகக் கடைந்து, பருத்த சிலிண்டர்களையும் பிஸ்டன்களையும் இறக்குவது. கேட்கிற அளவுக்கெல்லாம் அவர் கடைந்து தருவதில்லை. "இதுக்கு மேல போனா இன்ஜின் இருக்காது, ஓட்டைதான் இருக்கும்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்.

அதைவிடக் கறார் காற்று விஷயத்தில். சிலிண்டர்களுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகரத் தகடுகள் உண்டு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலிருந்து வரும் காற்று நழுவி ஓடாமல், சிலிண்டரின் அடிவயிற்றையும் சுற்றிவரச் செய்வது அவைதான். வெளியே தெரியாது, பளபளக்காது. அதனால் வண்டி கட்டுகிறவர்கள் முதலில் தூக்கிப் போடுவதும் அவற்றைத்தான். இன்ஜின் திறந்தவெளியில் இருக்கும்போது காற்றுக்கு என்ன பஞ்சம் என்ற நினைப்பு. மூன்றாம் சிலிண்டருக்கோ எண்ணெயைக் குளிர்விக்கும் பெட்டி குறுக்கே நிற்பதால் ஏற்கெனவே காற்று குறைவு. தகடும் இல்லையென்றால் ஏதாவதொரு மேட்டில் பிஸ்டன் உருகிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒட்டிக்கொண்டது அவருடைய தங்கை கணவரின் வண்டியில். தங்கை கணவர் வெல்டர். வண்டிக்கு இரும்புச் சட்டம் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் ஓட்டத்திலேயே வண்டி நின்றுபோக, வெள்ளைத்துணிக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கருகிய பிஸ்டனைக் கையில் பிடித்தபடி முச்சந்தி டீக்கடைக்கு வந்தார். வண்டிக்காரர்கள் கூடும் இடம் அதுதான். இருபது பேர் இருந்தார்கள்.

"இரும்ப ஒட்டத் தெரிஞ்சா போதுமா மாப்ள? காத்து எந்தப் பக்கம் போகும்னு கொஞ்சம் மூளை வேணாமா?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

இருபது பேரும் சிரித்தார்கள். வெல்டர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வெள்ளைத்துணிக்காரர் கெட்டவர் அல்ல, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. தானாகப் போய்ப் பேச வீம்பு விடவில்லை.

இந்த வருடம் வெல்டரின் மகளுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில், குழந்தை பிறந்தது. தங்கைக்கு மூடிய வண்டி ஆகாது. பஸ்ஸில் ஏறி நாலு தெரு தாண்டினாலே வாந்தி எடுத்துவிடுவாள். காற்றோட்டமாக உட்கார்ந்தால் எவ்வளவு தூரமும் போவாள். அவளுக்காக வெல்டர் மறுபடியும் ஒரு மூன்று சக்கர வண்டி கட்டினார். மலை ஏற வேண்டுமானால் இன்ஜின் பெரிதாக வேண்டும். அதற்கு அந்த வட்டாரத்தில் ஒரே பட்டறைதான் இருந்தது.

வெல்டர் பட்டறை வாசலில் நின்றே பேசினார். "இன்ஜின பெருசாக்கணும்." மச்சான் என்று கூப்பிடவில்லை.

"ஆகட்டும்" என்றார் வெள்ளைத்துணிக்காரர். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

அந்த இன்ஜினுக்கு அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். சிலிண்டர்கள் பருத்துவிட்டதால் பழைய தகடுகள் அவற்றுக்கிடையில் உட்காரவில்லை, ஓரத்தை வெட்டவேண்டியிருந்தது. இரண்டையும் துணியிலிருந்து எடுத்துக்கொண்டு மூலையில் தகரம் தட்டும் பட்டறைக் கல்லுக்குப் போய் வெட்டினார். அந்த நேரம் பார்த்துத் தங்கை உள்ளே வந்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. தகடுகளைக் கல்மேல் வைத்துவிட்டு நாற்காலி தேடிப் போனார். பேத்தியின் போட்டோவைக் காட்டினாள், கண்களைத் துடைத்துக்கொண்டாள், இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். அவர் மேசைக்குத் திரும்பி, துணியில் இருந்ததையெல்லாம் வரிசை தவறாமல் மாட்டினார். துணி காலியானது. அது பொய் சொல்லவில்லை. தன்மேல் இல்லாததைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

செவ்வாய்க்கிழமை இன்ஜின் வெல்டர் வீட்டுக்குப் போனது. ஞாயிறு காலை மலைப் பயணம். சனிக்கிழமை காலையில் வேறொரு வேலைக்காகத் தகரம் வெட்டும் கத்திரியை எடுக்கப் போனவர், கல்மேல் இரண்டு தகடுகளைக் கண்டார்.

போய்ச் சொன்னால் முப்பது வருடப் பெயர் போகும். அதுவும் யாரிடம் போய்ச் சொல்வது! சொல்லாவிட்டால்? விடிகாலைக் குளிர்தானே, ஒருவேளை சமாளித்து ஏறிவிடும். இப்படி ஒரு நினைப்பு வந்ததுமே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. வண்டி நின்றால் மலைநடுவில் நிற்கப்போவது தங்கை. தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

வெல்டர் பின்கட்டில் புது வண்டியின் பக்கத்தில் குந்தி, சக்கர நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். வண்டி அழகாக வந்திருந்தது. பின்சீட்டில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். உட்காரப்போவதோ ஒருத்திதான்.

"தகடு மாட்டல" என்றார் வெள்ளைத்துணிக்காரர். "மறந்துட்டேன்."

வெல்டர் நிமிரவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"வந்த அன்னிக்கே அடியில கண்ணாடிய விட்டுப் பாத்தேன். பன்னெண்டு வருஷமா எந்த இன்ஜினப் பாத்தாலும் மொதல்ல அதத்தான் பாக்கறேன்."

"அப்புறம் ஏன் சொல்லி அனுப்பல?"

"நீங்களா வருவீங்களான்னு பாத்தேன்."

"வரலேன்னா?"

வெல்டர் சுவரைக் காட்டினார். ஆணியில் இரண்டு பழைய தகடுகள் தொங்கின. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மாட்டாமல் விட்டவை. "இன்னிக்கி மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு, அத வெட்டி நானே மாட்டியிருப்பேன். யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா உங்க வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன், சாகற வரைக்கும்."

தகடுகளை மாட்ட மறுபடியும் பாதி இன்ஜினைப் பிரிக்க வேண்டும். இருவரும் இன்ஜினை இறக்கினார்கள். ஸ்பேனர் சத்தம் கேட்டுத் தங்கை ஓடிவந்தாள்.

"ஐயோ, நாளைக்குக் கெளம்பணும், இப்பப் போயி ஏன் கழட்டறீங்க?"

வெல்டர் முந்திக்கொண்டார். "சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு. நான்தான் மச்சான வரச் சொன்னேன். நாளன்னிக்கிப் போலாம்."

வெள்ளைத்துணிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நட்டைத் தேடினார். அன்று டீக்கடையில் தனக்கும் இப்படி ஒரு சின்னப் பொய் வாயில் வந்திருக்கலாம். ஒரு காசு செலவில்லை.

ஞாயிறு மாலைக்குள் வேலை முடிந்தது. புது வண்டி எதுவானாலும் டீக்கடையில் நின்றுவிட்டுத்தான் போகும். திங்கள் காலை அங்கே பழைய இருபது பேரும் புதிதாகச் சிலரும் இருந்தார்கள். வெள்ளைத்துணிக்காரரும் வழியனுப்ப வந்திருந்தார்.

"நேத்தே போறதாத்தானே பேச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"மழை வரும்போல இருந்துச்சு" என்றார் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை.

"மழையுமில்ல ஒண்ணுமில்ல" என்றார் வெள்ளைத்துணிக்காரர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பேசிய அதே குரல், எல்லோருக்கும் கேட்டது. "அடித்தகட்ட மாட்ட மறந்துட்டேன். நான்தான். மாப்ள கண்டுபிடிச்சாரு."

கூட்டத்தில் எவனோ, "வெள்ளைத்துணி அழுக்காயிடுச்சுடோய்!" என்றான். கடையே சிரித்தது. தங்கை தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "சத்தம் சரியில்லன்னு சொன்னீங்க?" வெல்டர் ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

வண்டியைக் கிளப்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏறுங்க மச்சான். மேட்டுல மூணாவது சிலிண்டர் எப்படிச் சுடுதுன்னு பாக்க ஒரு ஆள் வேணும்."

"பட்டறை தெறந்து கெடக்கு மாப்ள. சட்டையெல்லாம் எண்ணெய்."

"எடம் இருக்கு. பாத்துத்தான் கட்டுனேன்."

தங்கை பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.