இங்கிருந்து எழுபத்தைந்து நிமிடம்

ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகியும் லிஃப்ட்காரர் தன் வலது மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காகித வளையத்தைக் கழற்றவில்லை. கேளிக்கைப் பூங்காவின் வாசலில் மாட்டிவிட்ட வளையம் அது. நாலு நாளும் உள்ளே போக வர அதைத்தான் காட்ட வேண்டியிருந்தது. இப்போது அதில் கிரீஸ் படிந்து, ஓரமெல்லாம் பிய்ந்து, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அன்று வேலைக்குப் போன அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில சேர்த்திருந்தாங்களா சார்? இப்ப தேவலையா?" என்று கேட்டார். "தேவலை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார் இவர். சொன்னது பொய் என்று அவருக்கே தெரியும்.

மனிதருக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். பூங்காவுக்குப் போகணும், போகணும் என்று உயிரை எடுத்தது பதினோரு வயது மகள்தான். "குழந்தைக்காகப் போறோம்" என்று பெரிய தியாகி மாதிரி கம்பெனியில் லீவு வாங்கிக்கொண்டு கிளம்பியவர், போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் குழந்தையைவிடக் குழந்தையாகிவிட்டார். தண்ணீரில் சரிந்து விழும் படகில் நாலு தடவை. கோபுர உச்சிக்குக் கொண்டுபோய்த் தடாலென்று கீழே விடும் இருக்கையில் ஆறு தடவை. ஊரே மேலே பார்த்து அலறிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் குனிந்து பிரேக் எங்கே இருக்கிறது என்று தேடுவார். "காந்தத்துலயே நிறுத்துறான் சார்! உரசலே கிடையாது!" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். அந்த மனிதர் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

திரும்பி வந்த அன்று மகள் படுக்கையில் குப்புற விழுந்து அழுதாள். மறுநாள் காலை பூங்காவின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள், பள்ளிக்கூடத்தில் வகுப்பு மொத்தத்துக்கும் கதை அளந்தாள், சாயங்காலம் உயிர்த்தோழியோடு பசைக் குப்பிக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். அதோடு சரி. அப்பனுக்குத்தான் தெளியவில்லை.

பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி பத்து நிமிடம் சுவரைப் பார்த்து நிற்பார். தினமும் போகும் தெருவே யாரோ பிடித்து அமுக்கியது போலச் சின்னதாகத் தெரிந்தது. சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும். அங்கே அந்நேரத்துக்குத்தான் கொட்டு முழக்கத்தோடு பொம்மை வேஷக்காரர்களின் ஊர்வலம் கிளம்பும். இங்கே இவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ காலியாகிவிடும். ஒருநாள் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டார். அழுது முடித்ததும் அவருக்கு வந்தது வெட்கமில்லை, வியப்பு. பெற்ற தகப்பன் போனபோதுகூட மூன்றாம் நாள்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு விழுகிற இருக்கைக்கும் சரிகிற படகுக்குமா இந்த அழுகை? இதென்ன கூத்து என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலை. காலை ஆறுக்குக் கிளம்பி மூன்றுக்கு வருவாள். இவர் ஒன்பதுக்குக் கிளம்பி எட்டுக்கு வருவார். இடையில் கிடைக்கும் நேரத்தில் குழாய் சொட்டுகிறது, பால் தீர்ந்துவிட்டது, பாப்பாவுக்கு ஷூ கடிக்கிறது என்பதற்குமேல் பேச்சு நீளாது. அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அன்று இரவு துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லணும்."

"கேளு."

"அங்க நாலு நாளும் பல்லைக் காட்டிக்கிட்டே சுத்துனீங்க. நம்ம வீட்டு வாசல்ல கால் வெச்சதுலேருந்து கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. வீடு பிடிக்கலையா? இல்ல, வீட்டுல இருக்கிற ஆளு பிடிக்கலையா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"இந்த 'ஒண்ணுமில்ல'யத்தான் ஒன்பது நாளா கேக்குறேன். என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கு."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒரே துண்டை மூன்று தடவை பிரித்து மடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் இது தன் மனசுக்குள் நடக்கும் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது அவளைப் போய் அடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, பழுது என்றால் கண்டுபிடித்துத்தானே ஆக வேண்டும்? லிஃப்ட் ஓடாமல் நின்றால் அவர் செய்வது ஒரு முறைப்படி. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அத்தனையும் சரியாக அழுந்தினால்தான் பெட்டி நகரும். எது அழுந்தவில்லை என்று பார்க்க, கையில் ஒரு ஒயர்த் துண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் தொடக் கூடாது. தொட்டால் கோளாறு எதில் என்று கடைசி வரைக்கும் தெரியாது. மனசும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் பாட்டுக்கு முடிவு கட்டிக்கொண்டார்.

முதலில் சந்தேகப்பட்டது, வயிற்றைப் பிசைகிற அந்த விழுகையை. அதற்காகத் தெருமுனைப் பூங்காவுக்குப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்து உந்தி உந்தி ஆடினார். சங்கிலி கிறீச்சிட்டது. காவலுக்கு இருந்த அம்மாள் விசிலோடு ஓடி வந்தார். "சார், பன்னெண்டு வயசுக்குக் கீழதான்!" வயிறு என்னவோ கொஞ்சம் பிசைந்தது. இறங்கினதும் துக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படியானால் அது இல்லை.

அங்கே காலைச் சாப்பாட்டுக்கே ஐஸ்கிரீம் தின்றார்கள். ஒருவேளை அந்த ஒழுங்கீனம்தானோ என்று, மறுநாள் காலை ஏழு மணிக்கு மகளோடு உட்கார்ந்து ஒரு டப்பா ஐஸ்கிரீமைக் காலி செய்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அடுத்து கூட்டம். கூட்டத்துக்குள் கரைந்து நிற்பது பிடித்திருந்ததோ என்று பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தார். எட்டுப் பேர் வந்து இந்த பஸ் எங்கே போகும் என்று கேட்டார்கள். எட்டுப் பேரிடமும் "தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

"அப்பா, நாளைக்கு என்ன டெஸ்ட்? மறுபடியும் ஐஸ்கிரீம்லேருந்து ஆரம்பிச்சுப் பாக்கலாமா?" என்றாள் மகள். மனைவி அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள், வேலை செய்யும்போது வழக்கமாக முணுமுணுக்கும் பாட்டையும் நிறுத்திவிட்டாள். நாள் போகப் போக இவருக்குப் பயமாகவே இருந்தது. பதில் கிடைக்கும்போது கேட்பதற்கு அவளுக்கு ஆசை இருக்குமா என்று தோன்றியது.

பதின்மூன்றாம் நாள் காலை, பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு லிஃப்டில் ஒன்று ஒன்பதாவது மாடியில் நின்றுவிட்டது. மீதி ஒன்றுக்குக் கீழே வாசல் வரைக்கும் வரிசை. ஒன்பது மணிக் கூட்டம், ஆளுக்கு ஆள் முணுமுணுப்பு. இவர் கதவுக்கு முன்னால் தடுப்புப் பலகை வைத்துக்கொண்டிருக்கும்போது, ஃபைலை அணைத்துப் பிடித்திருந்த ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து "பல்லு வேற உயிர் போகுது" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பின்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கதையை எடுத்துவிட்டார். பல்லோடு சேர்த்துப் பல் டாக்டரின் விரலையும் கடித்துவிட்ட கதை. முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "மூணு வருஷமா இதே கட்டடத்துலதான் இருக்கேன், உங்களப் பாத்ததே இல்லையே!" என்று அந்தப் பெண் வலியையும் மறந்து சிரித்தாள்.

இவர் மேலே போய்ப் பார்த்தார். கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு காகிதக் கிளிப் விழுந்து சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டதும் லிஃப்ட் நகர்ந்தது. அதிலேயே கீழே வந்து, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அந்தக் கூட்டத்தோடு மறுபடி மேலே ஏறினார். பெண்ணும் இருந்தாள், வழுக்கைத் தலைக்காரரும் இருந்தார். கதவு மூடியது. பேச்சு கப்பென்று அடங்கியது. அத்தனை பேரும் தலையைத் தூக்கி மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாவது மாடியில் வழுக்கைத் தலைக்காரர் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

லிஃப்ட்காரருக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

அப்படியே இறங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து, வேலைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பூங்காவில் நாலு நாளில் அவர்கள் ஏறி விளையாடியது மொத்தம் நாற்பத்தெட்டு நிமிடம். அதற்காக வரிசையில் நின்றது பத்தொன்பதரை மணி நேரம். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வரிசை. அங்கங்கே பலகை வைத்திருப்பார்கள்: இங்கிருந்து எழுபத்தைந்து நிமிடம். கைப்பேசியெல்லாம் வாசலில் பெட்டிக்குள் பூட்டியாகிவிட்டது. மகள் முன்னால் நிற்கும் பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்வாள். இவரும் மனைவியும் கம்பியில் சாய்ந்து நிற்பார்கள், அவள் பேசுவாள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த பயில்வானைப் பற்றிப் பேசினாள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் வேண்டுமென்றே தோழியை ஜெயிக்க விட்டதைச் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன்னால் இவர் ஆசை ஆசையாக வாங்கிய பச்சைத் திரைச்சீலை தனக்குக் கண்றாவியாக இருப்பதையும் அங்கேதான் போட்டு உடைத்தாள். இவர் கேட்டார். கேட்காமல் எங்கே ஓடுவது?

கடைசி நாள், கடைசித் தடவை கோபுரத்துக்காக நின்றபோது அவள் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு பயம் இருக்கு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. "மூணு பேரா? வாங்க, வாங்க, சீக்கிரம்!" அப்புறம் ஒரே அலறல், பெட்டி கட்டுதல், ரயில். அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை என்பதுதான் இப்போது அவரை அறுத்தது.

இரவு வீடு திரும்பும் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் எடுக்கும் அறை ஆறாவது மாடியில். வேலை முடிந்து வெளியே வந்த மனைவி, இவரைக் கண்டதும் ஓட்டமாக வந்தாள்.

"என்ன ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாவது…"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னத்த?"

"வரிசை."

அவள் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவர் வேலைச் சீட்டை நீட்டி, வழுக்கைத் தலை, பல்வலி, நாற்பத்தெட்டு நிமிடம் என்று தலைகால் புரியாமல் கொட்டித் தீர்த்தார். "வீடு இல்ல. நீயும் இல்ல. அதாவது… நீதான். நின்னு பேசுறதுக்கு நீ. இங்க வந்தா அது இல்ல. அதான் எனக்கு அழுகை வருது" என்று முடித்தார்.

அவள் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அங்க போய்ட்டு வந்து, கால் கடுக்க வரிசையில நின்னதுக்கு ஏங்குற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கியது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றாள்.

அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, உள்ளே காலி ஸ்ட்ரெச்சரோடு ஒருவர் நின்றிருந்தார். உள்ளே காலை வைத்துத் திரும்பினால், அவள் அஞ்சாறு அடி பின்னால் நின்றிருந்தாள்.

"நீங்க போங்க. நான் படியில வரேன்."

"ஏன்?"

அவள் லிஃப்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கதவைக் கையால் தடுத்தபடி நின்றவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

"அந்தப் பயம்… இதுவா?"

"கல்யாணமான புதுசுல நீங்க வீட்டுக்கு வந்து என்ன பேசுவீங்க? எது அறுந்துச்சு, எது நடுவுல நின்னுச்சு, உள்ள மாட்டிக்கிட்டவங்க எத்தனை மணி நேரம் கத்துனாங்க. நான் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். ரசிக்கிறேன்னு நெனச்சு நீங்க இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்வீங்க."

"கோபுரத்துல எங்கூட ஆறு தடவ வந்தியேம்மா?"

"அதுல வானம் தெரியுது. இது மூடிக்குமே."

"எத்தன வருஷமா?"

"பதினாலு."

"தினம் ஆறு மாடியா? அதான் முழங்கால் வலியா?"

"லிஃப்ட்காரர் பொண்டாட்டிக்கு லிஃப்டுன்னா பயம்னு வெளிய தெரிஞ்சா உங்களப் பாத்து நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான லிஃப்ட் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியிருக்கிறது. அதில் ஒன்றைப் பற்றிக்கூட அவர் வீட்டில் சொன்னதில்லை. "கயிறு ஒண்ணு இல்லம்மா, ஆறு இருக்கும், அதுக்கும் மேல…" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். உள்ளே ஸ்ட்ரெச்சரோடு நின்றவர், "வரீங்களா சார், மூடட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் வெளியே வந்தார்.

இருவரும் படியில் இறங்கினார்கள். வலது முழங்கால் மடங்க மறுத்ததால் அவள் ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் நின்றாள். அவரும் நின்றார். ஐந்தாவது மாடி தாண்டியும் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

"என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?"

"பதினாலு வருஷம் நான் பேசுனதுலதான் இப்படி ஆயிருக்கு. நீ சொல்லு. முதல் தடவ பயந்தது என்னிக்கு?"

அவள் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஒரு செவ்வாக்கிழமை" என்று ஆரம்பித்தாள்.